பெட்டிக்குள் மினுங்கிய சிவப்புப் புள்ளி

பச்சைக் கதவு வீட்டுக்காரர் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். கையில் செய்தித்தாள், மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்கு நேர் எதிரே நின்றபடி ரீடிங்கம்மா தன் புத்தகத்தில் 'கதவு பூட்டு' என்று எழுதினாள்.

"ஏம்மா, முழு ஆளா முன்னாடி நிக்கிறேன். கதவு பூட்டுன்னு எழுதுறீங்க?"

"அடுத்தவங்க எழுதுறதை எட்டிப் பாக்கக் கூடாது சார்."

"நான் எங்கம்மா எட்டிப் பாத்தேன்? நீங்கதான் என் மூக்குக்கு முன்னாடி பிடிச்சிருக்கீங்க."

அவள் புத்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டாள். மீட்டர் பெட்டி அவர் தோளுக்குப் பின்னால், சுவரில், மூடியபடி இருந்தது. தகரக் கதவு, துருப்பிடித்த கொக்கி. அதைத் திறந்து உள்ளே இருக்கிற எண்ணைப் பார்த்து எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் அவள் வலது கை பெட்டிக்கு நாலு விரல் தூரத்தில் நின்றுவிடும். நடுங்காது, வலிக்காது. அடம்பிடிக்கிற மாடு மாதிரி அப்படியே நின்றுவிடும். ஏழு மாதமாக இதே கதை.

மின்சார அளவு எடுக்கிற வேலையில் அவளுக்கு இருபத்திரண்டு வருடம். சுற்றியுள்ள ஒன்பது தெருவிலும் அவளுக்கு வைத்த பெயர் ரீடிங்கம்மா. ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள். கம்பி எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று கூரையைத்தான் பார்ப்பாள். மீட்டருக்குப் போகாமல் குறுக்கே இழுத்த கம்பிகளை மட்டுமே நூற்றுக்கு மேல் பிடித்திருக்கிறாள். நாளடைவில் அந்தக் கண் வேலை முடிந்தும் கழற்ற முடியாத கண்ணாகிவிட்டது. பழக்கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரித்தால் எதற்கு அடிபோடுகிறாள் என்று யோசிப்பாள். கணவர் 'சும்மாதான்' என்றால் அந்தச் சும்மாவைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள்.

வேலையில் ஒரு விதி உண்டு. வீடு பூட்டியிருந்தால் பழைய மாதங்களை வைத்து ஒரு சராசரியை எழுதிவிட்டு நகரலாம். அடுத்த முறை கதவு திறந்திருக்கும்போது உண்மையான எண் வந்து அதைச் சரிக்கட்டிவிடும். சராசரி என்பது பொய்யில்லை, பார்த்து எழுதியதும் இல்லை. எழுதிய பிறகு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் சராசரிக்குப் பக்கத்தில் மறக்காமல் ஒரு 'ச' போடவேண்டும். கை நின்றுபோனதிலிருந்து ரீடிங்கம்மாவின் புத்தகம் முழுக்க ஒரே 'ச'.

மேற்பார்வையாளர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "ஏம்மா, உங்க ஏரியாவுல மட்டும் இத்தனை பேர் வீட்டைப் பூட்டிக்கிட்டு எங்க போயிட்டாங்க? பச்சைக் கதவு வீட்டுல தொடர்ந்து நாலு சராசரி. அந்த ஆளு ஏதாவது கவனிச்சுக்கிறாரா?"

இருபத்திரண்டு வருடம் அடுத்தவரைச் சந்தேகப்பட்டவளை ஒருவர் சந்தேகப்பட்டது அதுவே முதல் தடவை. ரீடிங்கம்மாவுக்குக் காது சுட்டது. கையைப் பற்றிச் சொன்னாள். அவர் நம்பினாரோ இல்லையோ, அலுவலக மருத்துவமனையில் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

ஆலோசகர் முப்பதைத் தாண்டாத பெண். அறையில் பிளாஸ்டிக் பூச்செடி ஒன்று, ஓடாத கடிகாரம் ஒன்று. ஓடாத கடிகாரத்தை எதற்கு மாட்டியிருக்கிறாள் என்று ரீடிங்கம்மா உட்காரும்போதே குறித்துக்கொண்டாள்.

"சுயவசியம்னு ஒரு பயிற்சி இருக்கும்மா."

"வசியமா? யாரைப் பண்ணணும்?"

"உங்களையேதான்."

"என்னை நானே மயக்கி என்னத்தை வாங்கப்போறேன்?"

ஆலோசகர் சிரித்துவிட்டாள். சிரிப்பு நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. அதனால் ரீடிங்கம்மா இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையானாள். மயக்கமெல்லாம் இல்லை, முழிப்பாகத்தான் இருப்பீர்கள் என்றாள் ஆலோசகர். கண்ணை மூடி, மூச்சைத் தளர்த்தி, பத்திலிருந்து ஒன்று வரை எண்ணிக்கொண்டே மனதுக்குள் படியிறங்க வேண்டும். கீழே போய்ச் சற்று நேரம் இருந்துவிட்டு, ஏறி வந்ததும் தோன்றியதையெல்லாம் அடித்துத் திருத்தாமல் ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணும்மா. உள்ள தெரியறதெல்லாம் நடந்ததுன்னு எடுத்துக்காதீங்க. மனசு கதையும் கட்டும்."

எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் 'இந்த மீட்டர் கொஞ்சம் வேகமா ஓடுதும்மா' என்று சொல்லத்தான் செய்வார்கள். அந்த ரகத்தில் இதையும் சேர்த்து இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள்.

ஆலோசகர் தன் குரலிலேயே பயிற்சியைப் பேசி அவள் போனில் பதிந்து கொடுத்திருந்தாள். ரீடிங்கம்மா இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் அழித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டிருக்கிற நேரத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி காதுக்குள் என்னத்தைச் செருகுகிறாளோ, யார் கண்டது? தன் குரலில் தானே பதிந்துகொண்டாள். படிகளையும் மாற்றினாள். படியிறங்குவதா பெரிய காரியம்? அவளுக்குத் தெரிந்தவை வீடுகள்.

"பத்தாம் நம்பர் வீடு. தாண்டு. ஒம்பதாம் நம்பர். நாய் இருக்கு, கட்டிப் போட்டிருக்கு, பயப்படாத. எட்டு. மூச்சை விடு. ஏழு..." கடைசியில் இப்படி முடியும்: "ஒண்ணாம் நம்பர். கதவு திறந்திருக்கு. உள்ள போ. சுவத்துல பெட்டி இருக்கு. திற. உள்ள இருக்கிறதைப் படி."

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாமான் அறையில் பழைய நாற்காலியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். நாலாம் நாளே மாட்டிக்கொண்டாள். கணவர் இரண்டு தெரு தள்ளி மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிற மெக்கானிக். அன்றைக்கு ஸ்பேனர் ஒன்றைத் தேடிச் சீக்கிரம் வந்தவர், சாத்திய கதவுக்குப் பின்னால் 'கதவு திறந்திருக்கு, உள்ள போ' என்று கிசுகிசுக்கிற குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"உள்ள யாரு?"

"நான்தாங்க."

"பேசுறது யாரு?"

"அதுவும் நான்தான்."

"நீயே பேசி நீயே கேக்கிறதுக்கு எதுக்குக் கதவைச் சாத்தணும்?"

"நீங்க கேட்டுருவீங்கன்னுதான்."

மெக்கானிக் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் சாக்கு, நாற்காலி, மடியில் நோட்டு. "ஊர்ல எல்லாரையும் வேவு பாத்து முடிச்சாச்சு. இப்ப உன்னையே ஆரம்பிச்சுட்டியா?" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். போகிறபோக்கில் நோட்டின் மேல் அவர் கண் ஒரு விநாடி அதிகமாக நின்றதை அவள் பார்த்தாள். அன்றிலிருந்து நோட்டை மூடும்போது பக்கங்களுக்கு நடுவே ஒரு தலைமுடியை வைத்து மூடினாள். முடி ஒரு நாளும் நகரவில்லை. நகராததும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சொல்லக் கூடாது, பயிற்சியில் பலன் இருந்தது. காதுவரை ஏறியிருந்த தோள்கள் இறங்கின. பத்தாம் நாள் ஒரு கடையில் மூடிய பெட்டியை விரல் நுனியால் தொட்டுவிட்டாள். திறக்கவில்லை, தொட்டாள். நோட்டில் எழுதியவையும் பெரிய விஷயங்கள் இல்லை. 'தொண்டை காயுது.' 'எங்கேயோ பசங்க கத்துற சத்தம்.' 'யாரும் வரலை.' 'மணிக்கட்டு எரியுது. யாரும் வரலை.'

மணிக்கட்டில் ஒரு தழும்பு இருந்தது. வலது கை, உள்பக்கம், பளபளவென்று ஒரு சின்ன இலை அளவுக்கு. ஐந்து வயதில் அடுப்பில் விழுந்துவிட்டாய் என்று அம்மா சொல்வாள். அதற்குமேல் கேட்டால் அடுப்படியில் ஏதோ வேலை வந்துவிடும் அவளுக்கு. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

பத்தொன்பதாம் நாள் ரீடிங்கம்மா ஒண்ணாம் நம்பர் வீட்டுக்குள் போனாள், பெட்டியைத் திறந்தாள். ஏறி வந்து வேர்த்துக் கொட்ட எழுதினாள்.

'சின்ன ரூம். சுவத்துல பெட்டி. உள்ள சிவப்பா ஒரு புள்ளி மினுங்குது. அண்ணன் பக்கத்துல நிக்கிறான். என் கையைப் பிடிச்சு உள்ள தள்ளுறான். சுடுது. கத்துறேன். யாரும் வரலை.'

எழுதியதைத் திரும்பப் படித்தாள். அடுப்பு இல்லை. அண்ணன்.

அண்ணன் அவளைவிட நாலு வயது மூத்தவர். தச்சுவேலை. மனைவியை இழந்து தனியாக இருக்கிறார். பலகை தூக்கித் தூக்கி குடலிறக்கம் கண்டு, போன வாரம்தான் ஆபரேஷன். சில வாரங்களுக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது, கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையிலிருந்து நேரே இங்கே வருவதாகப் பேச்சு. மெக்கானிக் கட்டிலைக்கூட ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டார்.

அன்று வியாழக்கிழமை.

ஒரு வீட்டில் கம்பி குறுக்கே போகிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாமே திருட்டாகத்தான் தெரியும். அவளுக்கு நாற்பது வருடமும் ஒரே இரவில் அப்படி மாறிப்போயிற்று. பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனாரே, எதற்கு? முதல் சம்பளத்தில் தனக்குச் சட்டை எடுக்காமல் இவளுக்கு சைக்கிள் வாங்கினாரே, எதற்கு? கல்யாணத்தில் இவள் கையைப் பிடித்து வளையல் போடும்போது, வலது கை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே! குற்றம் செய்த கை கூசத்தானே செய்யும்?

"அவன் இங்க வரக் கூடாது," என்றாள் காலையில்.

மெக்கானிக் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். "யாரு?"

"எங்கண்ணன்தான்."

"வயித்துல தையலோட இருக்கிற மனுஷன் வேற எங்க போவார்?"

அவள் நோட்டை நீட்டினாள். எழுதியிருந்ததை முழுக்க அவர் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு அவளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "நான் ஒரு வண்டியைப் பிரிச்சா, உள்ள என்ன இருக்கோ அதைத்தான் பாக்கிறேன். நீ கண்ணை மூடிக்கிட்டுல்ல பாத்திருக்க?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்யின்னு எங்க சொன்னேன்? மச்சானையும் ஒரு வார்த்தை கேட்டுரு."

"கேக்கத்தான் போறேன். கேட்டுட்டு வாசலோட அனுப்பிருவேன். அதுக்கு முன்னாடி நீங்க போன் பண்ணி, வர வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லிருங்க. அதையும் மீறி வந்தா, தயாராவே வரட்டும்."

மெக்கானிக் சொன்னார். மறுமுனையில் அண்ணன் 'அப்படியா' என்றாராம். பிறகு, "பரவாயில்ல மாப்பிள்ளை, நான் வந்து அவகிட்டப் பேசிட்டே போறேன்" என்றாராம். பார்த்தாயா, ஏன் என்று கேட்கவில்லை! குற்றம் இல்லாதவன் முதலில் ஏன் என்றுதானே கேட்பான்? ரீடிங்கம்மாவுக்கு அது இன்னொரு சாட்சி ஆயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் அவள் நோட்டோடு உட்கார்ந்தாள். திருட்டு மின்சாரத்துக்கு அறிக்கை எழுதும்போது எப்படி எழுதுவாளோ அப்படியே எழுதிக்கொள்ள நினைத்தாள். இடம், நேரம், கண்ட பொருள், யார் இருந்தார்கள். ஒரு சொல் பிசகினால் எதிராளி தப்பித்துவிடுவான் என்பது அவள் அனுபவம். இடம்: நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை. ஆள்: அண்ணன். பொருள்: மீட்டர் பெட்டி, உள்ளே சிவப்புப் புள்ளி மினுங்கியது.

பேனா நின்றது.

சிவப்புப் புள்ளி.

மினுங்குகிற சிவப்புப் புள்ளி டிஜிட்டல் மீட்டருக்குத்தான் உண்டு. அவை வந்து பதினாலு வருடம்தான் ஆகிறது. அவளே வீடு வீடாகப் போய்ப் பழையதைக் கழற்றுகிறவர்களோடு நின்று எண் குறித்திருக்கிறாள். அதற்கு முன்பெல்லாம் சக்கரம் சுற்றுகிற மீட்டர். கண்ணாடிக்குள் வெள்ளித் தட்டு மெதுவாகச் சுற்றும். அவளுடைய ஐந்து வயதில் உலகத்தில் எந்தச் சுவரிலும் அந்தச் சிவப்புப் புள்ளி இருந்திருக்க வழியில்லை.

வேறு யார் படித்திருந்தாலும் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவளால் தாண்ட முடியவில்லை. போனை எடுத்துத் தன் குரலை மறுபடி கேட்டாள். கண்ணை மூடாமல், விறைப்பாக உட்கார்ந்து, எதிராளியின் வாக்குமூலத்தைக் கேட்கிற மாதிரி கேட்டாள். 'சுவத்துல பெட்டி இருக்கு. திற. உள்ள இருக்கிறதைப் படி.' பெட்டியை உள்ளே கொண்டுபோய் மாட்டியவளே அவள்தான். மாட்டிய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே மீட்டர் இருக்கிறது என்று அதிர்ந்துபோயிருக்கிறாள். பார்க்க முடியாத இடத்தில் மனசு தனக்குத் தெரிந்ததையெல்லாம் கூட்டி வகுத்து ஒரு சராசரியைப் போட்டிருக்கிறது. பக்கத்தில் 'ச' போட மறந்துவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் பிடித்ததிலேயே பெரிய குறுக்குக் கம்பி அவள் மண்டைக்குள் ஓடியிருக்கிறது.

சிவப்புப் பேனாவை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வந்தாள். எந்தெந்த வரி சராசரியாக இருக்கலாமோ அதற்கெல்லாம் ஒரு 'ச' போட்டாள். பெட்டி, 'ச'. மினுங்கல், 'ச'. அண்ணன் கையைப் பிடித்துத் தள்ளியது என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதற்கும் போட்டாள். கடைசியில் 'ச' போட மனம் வராமல் மிஞ்சியவை மூன்று. மணிக்கட்டு எரிவது. பசங்கள் கத்துகிற சத்தம். யாரும் வரலை. மூன்றாவது மட்டும் பதினாலு இடத்தில் இருந்தது. பதினாலு தடவை தன் கையால் எழுதிவிட்டு ஒரு தடவைகூட அதைப் படிக்கவில்லை அவள்.

ஆனால் அண்ணன் செய்யவில்லை என்றும் இதற்கு அர்த்தமில்லை. ஏன் என்று கேட்கவில்லையே அவர்!

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் வந்தார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் துணிப்பையோடு, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. மெக்கானிக் பையை வாங்கப் போனார். அவர் கொடுக்கவில்லை.

"இரு மாப்பிள்ளை. பாப்பா முதல்ல பேசட்டும்."

நாற்பத்தைந்து வயதுக்காரியை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ரீடிங்கம்மா வலது கையைத் திருப்பி நீட்டினாள். கேட்க நினைத்திருந்த கேள்வி 'ஏன் செஞ்ச?' என்பது. வாயில் வந்தது வேறு.

"அன்னைக்கு வீட்ல யாரு இருந்தா?"

அண்ணன் தழும்பைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

"யாரும் இல்ல. நீ மட்டும்தான் இருந்த."

"நீ?"

"அம்மா உன்னைப் பாத்துக்கச் சொல்லிட்டுக் கடைக்குப் போனா. பசங்க பந்து விளையாடக் கூப்பிட்டாங்க. நீ வால் மாதிரி பின்னாடியே வருவ. அதனால..." நிறுத்தினார். "வெளித்தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போயிட்டேன். உள்ள அடுப்புல வெந்நீர் இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு ஆட்டம்."

மணிக்கணக்கைச் சொல்லியிருந்தால் அவள் சந்தேகப்பட்டிருப்பாள். இரண்டு ஆட்டம் என்றது ஒன்பது வயதுப் பையன் பார்த்து எழுதிய எண். பக்கத்தில் 'ச' போட அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இருந்தாலும் பழக்கம் விடுமா? இன்னொரு பக்கத்திலிருந்து தட்டிப் பார்த்தாள்.

"அந்த வீட்ல மீட்டர் பெட்டி எந்தச் சுவத்துல இருந்துச்சு?"

அண்ணன் விழித்தார். "மீட்டரா? அந்த வீட்ல ஏது பாப்பா கரண்ட்டு? மண்ணெண்ணெய் விளக்குதானே."

மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் ரீடிங்கம்மாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மின்சாரமே இல்லாத வீட்டில் டிஜிட்டல் மீட்டர் படித்துவிட்டு வந்திருக்கிறாள்! சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் எப்போது வந்தது என்று தெரியவில்லை. அண்ணன் ஒன்றும் புரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னைச் சிரிக்க வைக்காதீங்க. தையல் பிரிஞ்சிரும்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். என்னைப் பாக்கிறப்பெல்லாம் ஒரு மாதிரி உத்துப் பாப்பியே! தெரிஞ்சே பொறுத்துக்கிட்டிருக்கியாக்கும்னு நினைச்சேன். மாப்பிள்ளை போன் பண்ணதும், சரி, பொறுமை தீந்துருச்சுன்னு..."

"அவ என்னையும் அப்படித்தான் பாக்கிறா மச்சான்," என்றார் மெக்கானிக். "பால்காரனையும் அப்படித்தான்."

அவள் துணிப்பையை வாங்கி உள்ளே வைத்தாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கோபம் இருந்தது. இரண்டு ஆட்டம் என்பது கொஞ்ச நேரமில்லை. ஆனால் அந்தக் கோபம் நடந்த ஒன்றின் மேல் இருந்தது, அதற்கு ஓர் அளவு இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நோட்டில் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதினாள். போனில் இருந்த பயிற்சியை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தாள். இந்தத் தடவை பெட்டி இல்லை. 'ஒண்ணாம் நம்பர் வீடு. உள்ள போ. சும்மா உக்காரு.' அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முதல் வீடே பச்சைக் கதவு. கை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. மெக்கானிக் ஏற்கெனவே கடைக்குப் போய்விட்டார். ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் படுத்திருந்தார். தலைமாட்டில் தண்ணீர், மாத்திரை, கைக்கு எட்டுகிற தூரத்தில் போன். எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தாள்.

"மத்தியானம் அவர் வந்து சாப்பாடு எடுத்து வைப்பார். நீ எழுந்திரிக்காத."

"சரி. பாப்பா..."

"என்ன?"

"போறப்ப வெளித்தாழ்ப்பாளைப் போட்டுராத."

அவள் முறைத்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு அப்பாவி மாதிரி படுத்திருந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள். தெரு முனைவரை போனவள் நின்றாள். பழக்க தோஷத்தில் கை தாழ்ப்பாளை இழுத்திருந்தால்? திரும்பி வந்து படியேறி, வலது கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "திறந்துதான் இருக்கு. நீ போ."